முதல் ரிமோட் ஹெலிகாப்டர்: ஹெலியைக் கடைசியாக வாங்குங்கள்

என் முதல் ரிமோட் ஹெலிகாப்டர் நான்கு விநாடி பறந்தது. பறந்தது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது, இடப்பக்கம் சாய்ந்தது, பிளேடு மண்ணைத் தொட்டது, அவ்வளவுதான். இரண்டு பிளேடும் போயின. மெயின் ஷாஃப்ட் (பிளேடுகளைச் சுற்றும் நடுத்தண்டு) வளைந்தது. பெரிய பல்சக்கரத்தில் நான்கைந்து பற்கள் காணவில்லை. பிளேடு கீழே வளைந்து வந்து வால் குழாயையும் வெட்டியிருந்தது.

அது 450 வகுப்பைச் சேர்ந்த (இந்த எண் ஹெலியின் அளவைக் குறிப்பது), இன்னொருவர் ஓட்டிய பழைய ஹெலி. "பெரியது நிதானமாக நிற்கும், சிறியதுதான் துள்ளும்" என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கினேன். சொன்னது பொய்யில்லை. ஏற்கனவே ஓட்டத் தெரிந்தவருக்கான உண்மை அது. உதிரிபாகங்களுக்காக மூன்று வாரம் காத்திருந்து, இரவெல்லாம் உட்கார்ந்து பொருத்தி, மறுநாள் காலை மறுபடியும் நான்கு விநாடி. மூன்றாவது முறை விழுந்தபோது உதிரிபாகத்துக்குக் கொடுத்த தொகை ஹெலியின் விலையைத் தாண்டிவிட்டது. விற்றுவிட்டு, முதலிலிருந்து தொடங்கினேன்.

இரண்டாவது முறை சரியாக வந்ததற்குக் காரணம் வாங்கிய வரிசைதான்: முதலில் ரிமோட், அப்புறம் சிமுலேட்டர் (கணினித் திரையில் ஹெலி ஓட்டிப் பழகும் மென்பொருள்), அப்புறம் சார்ஜர், ஹெலி கடைசி. ஏறக்குறைய அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்; சார்ஜரை மட்டும் பேட்டரியோடு சேர்த்து, ஹெலிக்குப் பிறகு சொல்கிறேன்.

1. பணத்தை முதலிலேயே பிரித்து வையுங்கள்

கையில் உள்ள தொகை முழுவதையும் ஹெலிக்கே போடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. நானும் அதைத்தான் செய்தேன். உங்களிடம் உள்ள தொகையை நூறு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஹெலிக்கு நாற்பதுக்கு மேல் போகக்கூடாது. ரிமோட்டுக்கு முப்பது. பேட்டரி, சார்ஜர், சிமுலேட்டர் எல்லாம் சேர்த்துப் பதினைந்து. மீதிப் பதினைந்தைத் தொடாமல் வையுங்கள். அது முதல் இரண்டு மாதத்தில் உடையப்போகும் பாகங்களுக்கு. உடையாது என்று நினைக்காதீர்கள், உடையும்.

இந்தக் கணக்கில் உங்கள் ஆசை ஹெலி அடங்கவில்லை என்றால், அது உங்கள் இரண்டாவது ஹெலி. ரிமோட்டுக்கு முப்பது அதிகம் என்று தோன்றலாம். ஹெலி மாறும், உடையும், கைமாறும். நல்ல ரிமோட் பத்து வருடம் கூட வரும்.

2. ரிமோட்: முதலில் "மோட்" எது என்று முடிவு செய்யுங்கள்

ரிமோட்டில் இரண்டு குச்சிகள் இருக்கும். எந்தக் குச்சி எதைச் செய்கிறது என்பதை வைத்து நான்கு மோட்கள் உண்டு. புழக்கத்தில் அதிகம் இருப்பவை இரண்டு. மோட் 2-இல் இடக்கை த்ராட்டிலையும் (ஹெலியை ஏற்றி இறக்குவது) வால் திருப்பத்தையும் பார்த்துக்கொள்ளும். முன், பின், பக்கவாட்டுச் சாய்வு வலக்கைக்கு. மோட் 1-இல் த்ராட்டிலும் பக்கவாட்டுச் சாய்வும் வலக்கைக்கு வரும். முன்பின் சாய்வும் வால் திருப்பமும் இடக்கைக்குப் போகும்.

எது சிறந்தது என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்களுக்குக் கற்றுத்தரப் போகிறவர், அல்லது நீங்கள் சேரப்போகும் குழுவில் உள்ளவர்கள் எந்த மோட் ஓட்டுகிறார்களோ அதை எடுங்கள். ஹெலி தறிகெட்டுப் போகும்போது பக்கத்தில் நிற்பவர் உங்கள் ரிமோட்டைப் பிடுங்கிக் காப்பாற்ற முடிய வேண்டும் அல்லவா? யாரும் இல்லையென்றால் மோட் 2 எடுங்கள். கற்றுத்தரும் காணொளிகளில் பெரும்பாலும் அதுதான். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். வலக்கையால் எழுதிப் பழகியவர் இடக்கைக்கு மாறும் கஷ்டம் அது.

அடுத்து, ஹெலிப் பெட்டிகளின் மேல் உள்ள சொற்களைப் புரிந்துகொள்ளுங்கள். ஆர்.டி.எஃப். என்றால் ரிமோட், பேட்டரி, சார்ஜர் எல்லாம் உள்ளேயே இருக்கும். பி.என்.எஃப். என்றால் ஹெலி மட்டும், ரிமோட் உங்களுடையது. கிட் என்றால் திருகு திருகாக நீங்களே பூட்ட வேண்டும். புதியவரை ஆர்.டி.எஃப். இழுக்கும். ஆனால் பெட்டியோடு வரும் மலிவு ரிமோட்டுகள் பல அந்த ஒரே ஹெலியோடு மட்டும்தான் பேசும், கணினியில் சொருகவும் முடியாது. ஹெலி போனால் ரிமோட்டும் குப்பைதான்.

அதனால் யூ.எஸ்.பி. வயரில் கணினியோடு இணையும், முழு அளவுக் குச்சிகள் உள்ள ரிமோட் ஒன்றை வாங்குங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஏறக்குறைய எல்லா ரிமோட்டிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் அதற்குள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி மொழி. ஸ்பெக்ட்ரமுக்கு டி.எஸ்.எம்.எக்ஸ்., ஃபுட்டாபாவுக்கு எஸ்-எஃப்.எச்.எஸ்.எஸ்., ஃப்ளைஸ்கைக்கு வேறு. அலைவரிசை ஒன்றாக இருந்தாலும் மொழி வேறென்றால் ஹெலி அசையாது. எக்ஸ்.கே. கே110 போன்ற சிறிய ஹெலி ஃபுட்டாபாவின் அந்த மொழியைப் புரிந்துகொள்ளும். உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஹெலிக்கும் இதைப் பார்த்து எழுதி வையுங்கள். பல மொழி பேசும் 'மல்டி-புரோட்டகால்' ரிமோட் வாங்கினால் தலைவலி பாதி குறையும். ரேடியோமாஸ்டர் நிறுவனத்தில் அப்படிப்பட்டவை உண்டு.

3. சிமுலேட்டரில் இருபது மணி நேரம்

இந்தப் படியைத் தாண்டிவிட எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் மிக மலிவான பொருள் சிமுலேட்டர் மென்பொருள். அதில் ஐம்பது முறை விழுந்தாலும் ஒரு பொத்தானை அழுத்தினால் ஹெலி புதிதாக நிற்கும். ரியல்ஃப்ளைட், ஹெலி-எக்ஸ், நெக்ஸ்ட், ஆக்யுஆர்சி எதுவானாலும் சரி. படத்தின் அழகைப் பார்க்காதீர்கள், உங்கள் ரிமோட்டோடு இணைகிறதா என்று மட்டும் பாருங்கள். விளையாட்டுக் கன்சோலின் சிறு குச்சிகளில் பழகினால் விரல் தவறான அளவைக் கற்றுக்கொள்ளும்.

எதற்காக இவ்வளவு நேரம் என்றால், ஹெலி நிற்பதே ஒரு வேலை. ட்ரோன் ஓட்டியவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான ட்ரோன்களில் குச்சியை விட்டால் அது அப்படியே நிற்கும். தானே சமநிலைக்கு வரும் வசதி இல்லாத ஹெலியில், சாய்ந்தது சாய்ந்தபடியே போகும். எதிர்ப்பக்கம் தள்ளி நீங்கள்தான் நிறுத்த வேண்டும், அப்புறம் அந்தத் தள்ளலையும் நிறுத்த வேண்டும். வால் உங்களைப் பார்த்திருக்கும்வரை இடம் வலம் குழப்பமில்லை. மூக்கு உங்களைப் பார்க்கத் திரும்பியதும் இடம் வலமாகும், முன் பின்னாகும். யோசித்துச் செய்ய அங்கே நேரமில்லை; விரலுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்காராதீர்கள். தினமும் அரை மணி போதும். நாற்பது நாளில் இருபது மணி நேரம் ஆகிவிடும். முதலில் வால் உங்கள் பக்கம். அது கைவந்ததும் இடப்பக்கம் பார்த்து, பிறகு வலப்பக்கம், கடைசியாக மூக்கு உங்கள் பக்கம். சிமுலேட்டரில் தானியங்கிச் சமநிலையை அணைத்துவிடுங்கள், லேசாகக் காற்றும் வையுங்கள். நான்கு திசையிலும் தலா இரண்டு நிமிடம், ஒரு கார் நிற்கும் இடத்துக்குள் ஹெலியை நிறுத்தி வைக்க முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். எனக்கு முதல் திசைக்கு இரண்டு நாள் ஆனது. மூக்கு திசைக்குப் பதினாறு நாள். அந்தப் பதினாறு நாளும் நிஜ ஹெலியில் நடந்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்குப் போடவே இல்லை.

4. எந்த வகை ஹெலி?

கடையில் ஹெலி என்ற பெயரில் நான்கு வேறு வேறு பொருள்கள் விற்கின்றன.

முதல் வகை, மூன்று சேனல் பொம்மை (சேனல் என்பது ரிமோட்டிலிருந்து தனியாகக் கட்டுப்படுத்தும் ஒரு செயல்). மேலே இரண்டு விசிறி, வாலில் வானத்தைப் பார்த்த குட்டி விசிறி. மேலே, கீழே, திரும்புவது, முன்னே பின்னே போவது; அவ்வளவுதான். பக்கவாட்டில் நகராது. சிலவற்றில் "3.5 சேனல்" என்று போட்டிருப்பார்கள். அந்த அரை விற்பனைக்காகச் சேர்த்தது. பக்கவாட்டுக் கட்டுப்பாடு அதிலும் இருக்காது. குழந்தைக்குப் பரிசாக நல்லது. நாளை பெரிய ஹெலி ஓட்ட இதில் கற்றது எதுவும் உதவாது. படத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம்: வால் விசிறி மேலே பார்த்தால் பொம்மை, பக்கவாட்டில் பார்த்தால் தொடர்ந்து படியுங்கள்.

இரண்டாவது, நான்கு சேனல் இரட்டை ரோட்டர். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரோட்டர்கள், அதாவது பிளேடு பூட்டிய விசிறிகள், எதிரெதிர்த் திசையில் சுற்றும். ஒன்றின் முறுக்கு விசையை மற்றது ஈடுகட்டுவதால் வால் ரோட்டரே தேவையில்லை. மேல் ரோட்டரில் உள்ள எடைத்தண்டு ஹெலியைத் தானே நிமிர்த்தும். கூடத்தில் ஓட்ட சுகமானது. காற்று வீசினால் காகிதம்தான். சிமுலேட்டரில் உட்கார்ந்தவருக்கு ஒரு வாரத்தில் அலுத்துவிடும் என்பதால் இதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, நான்கு சேனல் ஒற்றை ரோட்டர். 'ஃபிக்ஸட் பிட்ச்' என்பார்கள். பிளேடின் கோணம் மாறாது. மேலே போக வேண்டுமானால் ரோட்டர் வேகமாகச் சுற்ற வேண்டும். அதனால் குச்சியைத் தள்ளியதற்கும் ஹெலி எழுவதற்கும் நடுவே சின்னத் தாமதம் இருக்கும். டபிள்யூ.எல். டாய்ஸின் வி911 வரிசை இந்த வகை. உள்ளங்கை அளவு, எடை மிகக் குறைவு. விழுந்தால் பெரும்பாலும் எடுத்து வைத்து மறுபடி ஓட்டலாம். சிமுலேட்டருக்குப் பொறுமையே இல்லை என்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

நான்காவது, ஆறு சேனல் 'கலெக்டிவ் பிட்ச்'. ரோட்டர் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். பிளேடின் கோணம் மாறி ஹெலியை ஏற்றி இறக்கும். குச்சி அசைந்த கணமே ஹெலி அசையும். கோணம் எதிர்ப்பக்கமும் போகும் என்பதால் தலைகீழாகவும் பறக்கும். உண்மையான ஹெலி என்று பழையவர்கள் சொல்வது இதைத்தான். எக்ஸ்.கே. கே110 இதில் சிறியவற்றுள் ஒன்று. தானே நிமிரும் முறை, நிமிராத முறை இரண்டும் ஒரு சுவிட்சில் மாறும். அதற்கு மேலே ஓ.எம்.பி. எம்2, கூஸ்கி எஸ்2 போன்றவை.

என் முடிவு: இருபது மணி நேர சிமுலேட்டரை முடித்தவர் நேராக உள்ளங்கை அளவு கலெக்டிவ் பிட்ச் ஹெலிக்குப் போகலாம். ஃபிக்ஸட் பிட்சில் ஒரு வருடம் ஓட்டிவிட்டு வந்தால் அந்தத் தாமதத்துக்குப் பழகிய விரலைத் திருத்த வேண்டியிருக்கும்.

பெரியது வேண்டவே வேண்டாம். பெரிய ஹெலி காற்றில் அசையாமல் நிற்கும், தூரத்திலும் தெளிவாகத் தெரியும், எல்லாம் சரி. ஆனால் 700 வகுப்பு ஹெலியின் ரோட்டர் விட்டம் ஒன்றரை மீட்டருக்கு மேல். நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால் பிளேடின் முனை மணிக்கு 550 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. 2013-இல் நியூயார்க்கில் 19 வயது இளைஞர் ஒருவர் தன்னுடைய ஹெலியின் பிளேடு பட்டே இறந்தார். அவர் புதியவர் அல்ல, நன்றாக ஓட்டத் தெரிந்தவர்.

இந்தப் படியில் இன்னும் சில பொறிகள்:

"ஆல்டிட்யூட் ஹோல்ட்" என்று எழுதியிருந்தால் இருமுறை யோசியுங்கள். உயரத்தை ஹெலியே பிடித்துக்கொள்ளும். இடக்கைக் குச்சி ஸ்பிரிங் போட்டு நடுவிலேயே வந்து நிற்கும். ஓட்டச் சுலபம்தான், ஆனால் த்ராட்டில் பழக்கம் வரவே வராது.

காவல்துறை, ராணுவ ஹெலி போல வரும் அழகான கூடு புதியவருக்கு வேண்டாம். முதல் விழுகையில் கூடு நொறுங்கும்; மேலும் உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று பார்க்கவும் விடாது.

கேமரா இணைத்தது வேண்டாம். படமும் வராது, பறக்கவும் செய்யாது.

5. "கார்ட்டில் சேர்" பொத்தானுக்கு முன் ஒரு பட்டியல்

ஹெலியைத் தேர்ந்தெடுத்தாயிற்று. வாங்காதீர்கள். முதலில் அதன் உதிரிபாகப் பட்டியலை எடுத்து, கீழே உள்ள ஒவ்வொன்றும் இன்றைக்குக் கையிருப்பில் உள்ளதா, எத்தனை நாளில் வரும் என்று பாருங்கள்: மெயின் பிளேடு, மெயின் ஷாஃப்ட், ரோட்டர் தலைக்குள் குறுக்கே போகும் ஃபெதரிங் தண்டு, பெரிய பல்சக்கரம், வால் குழாய், வால் பிளேடு, வால் மோட்டார் அல்லது பெல்ட், தரையில் நிற்கும் கால்கள், சர்வோ (பிளேடின் கோணத்தை மாற்றும் குட்டி மோட்டார்). இதில் இரண்டு பொருள் "கையிருப்பில் இல்லை" என்று வந்தால் அந்த மாடலை மறந்துவிடுங்கள். உற்பத்தி நின்றுபோன மாடலைத்தான் பாதி விலைக்குத் தள்ளுபடியில் போடுவார்கள்.

ஹெலியோடு சேர்த்தே வாங்க வேண்டியவை: பிளேடு மூன்று ஜோடி, மெயின் ஷாஃப்ட் இரண்டு, ஃபெதரிங் தண்டு இரண்டு, கால்கள் ஒன்று. வால் சின்ன கார்பன் தூரிகை மோட்டாராக இருந்தால் அதிலும் ஒன்று. அவை ஆயுள் குறைந்தவை, விழாவிட்டாலும் தேயும்.

எண்ணைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். 600, 700 வகுப்புகளின் எண் ஏறக்குறைய பிளேடின் நீளம்தான், மில்லிமீட்டரில். 450 வகுப்பில் அப்படியில்லை; அதன் பிளேடு சுமார் 325 மி.மீ. நீளம்தான் இருக்கும். நான் எண்ணை நம்பி 450 மி.மீ. பிளேடு தருவித்து, அதைத் திருப்பி அனுப்ப அஞ்சல் செலவையும் கொடுத்தேன்.

பழைய ஹெலி மலிவாகக் கிடைத்தால்? ஓட்டத் தெரிந்த ஒருவர் உங்கள் கண்முன் அதைப் பறக்கவிட்டுக் காட்டினால் மட்டும் வாங்குங்கள். "போன மாதம்வரை நன்றாகப் பறந்தது" என்ற வாக்கியத்துக்கு விலையே கிடையாது. எனக்கு விற்றவரும் அதைத்தான் சொன்னார்.

6. பேட்டரியும் சார்ஜரும்

எல்லாமே லித்தியம் பாலிமர், சுருக்கமாக லிபோ. ஒரு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2. இரண்டு நாளைக்கு மேல் சும்மா வைப்பதானால் 3.8 வோல்ட் சுமாருக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும். நல்ல சார்ஜரில் 'ஸ்டோரேஜ்' என்றே பொத்தான் இருக்கும். முழுதாக ஏற்றி ஒரு மாதம் வைத்தால் பேட்டரி ஊதக்கூடும். ஊதியதை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள்.

சில சிறிய ஹெலிகளில் 4.35 வோல்ட்வரை ஏறும் 'எச்.வி.' பேட்டரி வரும். சாதாரண லிபோவை அந்த முறையில் வைத்து ஏற்றினால் தீப்பிடிக்கலாம். சார்ஜரில் பொத்தானை அழுத்துமுன் பேட்டரியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

சார்ஜ் வேகம் 1சி போதும், அதாவது பேட்டரியின் கொள்ளளவு எண் எவ்வளவோ அவ்வளவு மின்னோட்டம். 2200 எம்.ஏ.எச். (மில்லிஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிக்கு 2.2 ஆம்பியர், 450 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 0.45. சுமார் ஒரு மணி நேரம் ஆகும். பல செல் பேட்டரிக்கு, எல்லாச் செல்லையும் சம அளவுக்கு ஏற்றும் பேலன்ஸ் சார்ஜ் கட்டாயம். தீப்பிடிக்காத தரையில் வைத்து, நீங்கள் அங்கேயே இருக்க ஏற்றுங்கள்.

ஒரு பேட்டரிக்கு நான்கிலிருந்து ஆறு நிமிடம் பறக்கலாம். ஆமாம், அவ்வளவுதான். நான்கு பேட்டரியாவது இல்லாவிட்டால் இடத்துக்குப் போன நேரம்கூட ஓட்ட முடியாது. டைமரை இப்படி வையுங்கள்: முதல் முறை மூன்று நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். பிறகு சார்ஜ் செய்யும்போது எத்தனை எம்.ஏ.எச். திரும்பப் போனது என்று சார்ஜர் காட்டும். 900 போயிருந்தால் நிமிடத்துக்கு 300. 2200 பேட்டரியில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது, அதாவது 1760. அப்படியானால் ஐந்தரை நிமிடத்தில் மணி அடிக்கட்டும்.

தபாலில் வாங்குவோருக்கு: லித்தியம் பேட்டரி பல இடங்களில் தனி வழியில்தான் வரும், ஹெலி வந்து வாரக்கணக்கில் ஆனபின்கூட வரலாம். முடிந்தவரை உங்களுக்கு அருகில் கிடைக்கும் இடத்தில் வாங்குங்கள். விமானப் பயணத்தில் கூடுதல் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 11.1 வோல்ட், 2200 எம்.ஏ.எச். பேட்டரி 24.4 வாட்-மணிதான்.

7. பதிவு, காப்பீடு, இடம்

சமையல் தராசில் ஹெலியை பேட்டரியோடு எடை போடுங்கள். 250 கிராம் பல நாடுகளில் எல்லைக்கோடு. அமெரிக்காவில் அதைத் தாண்டினால் பொழுதுபோக்குக்கு ஓட்டுபவரும் பதிவு செய்ய வேண்டும். எடை எதுவானாலும் 'டிரஸ்ட்' என்ற இலவசத் தேர்வை முடித்த சான்று கையில் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதே 250 கிராம்தான் அடிப்படை. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் 250 கிராம் வரை உள்ளதை நானோ என்று தனி வகையாகப் பிரிக்கின்றன. "இது ட்ரோன் இல்லை, ஹெலி" என்று வாதம் செய்தால் எடுபடாது. ஆளில்லா வான்கலம் என்ற ஒரே வரையறைக்குள் இரண்டும் வந்துவிடுகின்றன. விதிகள் அடிக்கடி மாறுவதால், வாங்கும் வாரத்தில் உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். உள்ளங்கை அளவு ஹெலியை நான் சிபாரிசு செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு கோப்பில் இவற்றைப் போட்டு வையுங்கள்: வாங்கிய ரசீது, பெட்டியின் மேல் உள்ள வரிசை எண்ணின் படம், கையேட்டின் பிரதி, பதிவுச் சான்று இருந்தால் அது. கையேட்டை உடனே இறக்கி வைப்பது முக்கியம். மாடல் நின்றுபோனால் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து அதுவும் போய்விடும்.

மாடல் விமானக் குழு ஏதாவது இருந்தால் சேருங்கள். அமெரிக்காவின் ஏ.எம்.ஏ., பிரிட்டனின் பி.எம்.எஃப்.ஏ. போன்ற தேசிய அமைப்புகளில் உறுப்பினர் கட்டணத்திலேயே பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடும் அடங்கும்.

8. பெட்டி வந்த அன்று பறக்கவிடாதீர்கள்

அன்று மாலை மேசை வேலை மட்டும். மெயின் பிளேடுகளைக் கழற்றிவிட்டோ மோட்டார் வயரைப் பிரித்துவிட்டோதான் பேட்டரியைச் சொருக வேண்டும். எப்போதும் ரிமோட் முதலில் ஆன், ஹெலி பிறகு. அணைக்கும்போது ஹெலி முதலில்.

'த்ராட்டில் ஹோல்ட்' சுவிட்சைக் கண்டுபிடியுங்கள். மோட்டாரை ஒரே தட்டில் நிறுத்துவது அதுதான். கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது முறை தட்டிப் பழகுங்கள். விழப்போகிறது என்று தெரிந்த கணத்தில் விரல் தானாக அங்கே போக வேண்டும். மோட்டார் நின்றபின் விழும் ஹெலிக்கும், மோட்டார் ஓட விழும் ஹெலிக்கும் செலவில் மூன்று மடங்கு வித்தியாசம் கண்டிருக்கிறேன்.

அப்புறம் கைரோ, அதாவது ஹெலி தானாகத் திரும்புவதை உணர்ந்து எதிர்க்கும் கருவி. ஹெலியைக் கையில் பிடித்து மூக்கைச் சட்டென்று இடப்பக்கம் திருப்புங்கள். வால் அதை எதிர்த்து, மூக்கை வலப்பக்கம் தள்ளும் விதமாக வேலை செய்ய வேண்டும். தலைகீழாகச் செய்தால், தரையை விட்டு எழுந்ததும் ஹெலி பம்பரமாகச் சுற்றும். அதேபோல ஹெலியை முன்பக்கம் சாய்த்தால் ரோட்டருக்குக் கீழே உள்ள தட்டு பின்பக்கம் சாய்ந்து ஈடுகட்ட வேண்டும். இந்த இரண்டும் பழைய ஹெலி வாங்கியவருக்கும் கிட் பூட்டியவருக்கும் உயிர்நாடி. பெட்டியிலிருந்து வந்ததிலும் பார்த்துவிடுவது நல்லது.

உலோகத்தில் உலோகம் பூட்டும் திருகுகளைக் கழற்றி, நீலநிறத் திருகுப் பசை ஒரு சொட்டு வைத்துப் பூட்டுங்கள். பிளாஸ்டிக்கில் போகும் திருகுக்கு அந்தப் பசை வேண்டாம், அரித்துவிடும். ஹெலியைப் பக்கவாட்டில் பிடித்தால் பிளேடு தானாகத் தொங்கக்கூடாது, லேசாக உலுக்கினால் மடங்க வேண்டும். அந்த அளவு இறுக்கம். பேட்டரியை முன்னே பின்னே நகர்த்தி, மெயின் ஷாஃப்ட்டுக்கு நேர்கீழே எடை சமமாக நிற்கும்படி வையுங்கள்.

9. முதல் ஐந்து பேட்டரிகள்

காற்றில்லாத விடியற்காலை. தரை வழவழப்பாக இருக்கட்டும். புல்லில் கால் மாட்டினால் ஹெலி குப்புறப் போகும். சின்ன ஹெலிக்கு ஐந்து மீட்டர் தள்ளி, அதன் வாலுக்குப் பின்னால் நில்லுங்கள். குழந்தைகளும் நாயும் வீட்டுக்குள்ளே இருக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.

தானே நிமிரும் முறையில் தொடங்குங்கள். வாங்குபவர் பலரும் பயந்து தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே நிறுத்தப் பார்ப்பார்கள். அங்கேதான் கஷ்டம். ரோட்டர் தள்ளும் காற்று தரையில் மோதி ஹெலியைப் பந்து போல உருட்டும். உறுதியாக எழுப்பி மார்பு உயரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்; அங்கே அது அடங்கும். வாலைப் பார்க்காமல் மூக்கைப் பாருங்கள். குச்சியை அழுத்தித் தள்ளாமல் தொட்டுத் தொட்டு விடுங்கள்.

முதல் பேட்டரி முழுவதும் எழுப்புவது, பத்து விநாடி நிறுத்துவது, இறக்குவது. இரண்டாவதும் அதேதான். நன்றாக வருகிறது, கொஞ்சம் சுற்றிப் பார்ப்போமே என்ற எண்ணம் சரியாக மூன்றாவது பேட்டரியில் வரும். எனக்கும் வந்தது, பிளேடு ஒரு ஜோடி போனது. ஐந்து பேட்டரியும் வால் உங்கள் பக்கமே இருக்கட்டும். சிறிய மோட்டார்களுக்கு இரண்டு பேட்டரிக்கு நடுவே பத்து நிமிடம் ஆற விடுங்கள்.

10. விழுந்த பிறகு

ஹோல்ட் தட்டுங்கள். ரோட்டர் முழுதாக நின்றபின் போய், முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். அது நசுங்கியிருந்தால் எரியக்கூடியது எதுவும் அருகில் இல்லாத இடத்தில், திறந்த வெளியில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். சூடோ, ஊதலோ, இனிப்பான வாசனையோ தெரிந்தால் அதை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

"ஒன்றும் ஆகவில்லை போலிருக்கிறது" என்று அங்கேயே மறுபடி எழுப்பாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஷாஃப்ட்டையும் ஃபெதரிங் தண்டையும் கழற்றி, கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டிப் பாருங்கள். நேராக இருந்தால் சத்தமில்லாமல் உருளும். வளைந்திருந்தால் அடியில் வெளிச்சம் வந்து வந்து போகும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். மின் இணைப்பில்லாமல் ஒவ்வொரு சர்வோவின் கையையும் மெதுவாக, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அது போகும் அளவுக்கு மட்டும் நகர்த்துங்கள். நடுவில் ஓரிடத்தில் தடுக்கினால் உள்ளே பல் உடைந்திருக்கலாம். பிளேடை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மயிரிழை விரிசல் தேடுங்கள், குறிப்பாகத் திருகு போகும் வேர்ப்பகுதியில். விரிசல் விட்ட பிளேடை இரண்டாக ஒடித்துவிட்டே குப்பையில் போடுங்கள். இல்லையென்றால் பத்து நாள் கழித்து நீங்களே அதை எடுத்துப் பூட்டுவீர்கள்.

எடுத்துப் பூட்டிய உதிரிபாகத்துக்கு ஈடாகப் புதியதை அன்றிரவே தருவித்துவிடுங்கள்.